எதிர்வீட்டு டாக்டருக்கு

சங்கர்,

போன வாரம் போனில், "லீவுக்கு வாரேன்மா. முன்ரூமைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க, ஆளுக வந்துகிட்டே இருப்பாக" என்றாய். சரி என்றேன். ஒதுக்கியும் வைத்துவிட்டேன். மேசையைத் துடைத்து, இரண்டு நாற்காலிகளையும் பழைய இடத்திலேயே எதிரும் புதிருமாகப் போட்டிருக்கிறேன். யாருக்காகப் போட்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். அதனால் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு டாக்டருக்குப் படிக்க அனுப்பிவிட்டு, அவன் விமானம் ஏறிய நாளிலிருந்தே டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிற மற்ற அம்மாக்களும் வாசிக்கட்டும். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். எதிர்வீட்டுப் பாக்கியத்தக்கா செத்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது. தள்ளித் தள்ளிப் போட்டு ஒரு வருசம் ஆகிவிட்டது. உன் மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் தெருவுக்குப் பயந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயசு. பி.எஸ்சி. கடைசி வருசப் பரீட்சையை, நீ பாளையங்கோட்டையில் காலேஜ் வாசல் வேப்பமரத்தடியில் உன் அப்பா மடியில் கத்திக்கொண்டிருக்க, எழுதினேன். எனக்கு ஆகாததெல்லாம் உனக்கு ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் யாரும் கேட்கவில்லை. இங்கே சீட் கிடைக்காமல் போனபோது நீ ஒரு வாரம் நன்றாகத் தூங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. கதவைத் தட்டி எழுப்பி, கிர்கிஸ்தானில் முழுக்க இங்கிலீஷிலேயே சொல்லித்தருகிறார்களாம் என்று சொன்னவள் நான். அதற்காக உன்னிடம் மன்னிப்பு கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. பிள்ளையைத் தள்ளிவிடாத அம்மா இந்த ஊரில் யார் இருக்கிறாள்? தள்ளிவிட்டவளுக்குத் தள்ளிவிட்ட கணக்கு. விழுந்த இடத்தில் நீ செய்ததெல்லாம் உன் கணக்கு.

நீ கிளம்பிய அன்று தெருமுனையில் பிளக்ஸ் கட்டினோம். அம்பாசமுத்திரம் ஸ்டுடியோவில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் வைத்திருக்கிறார்கள், உன்னைப் போன்றவர்களுக்காகவே. கோட்டு உனக்குப் பெரிது. போட்டோக்காரர் முதுகுப் பக்கம் துணி கிளிப்புகளைக் குத்தி இழுத்துப் பிடித்துப் படம் எடுத்தார். முன்னால் இருந்து பார்த்தால் கச்சிதமான டாக்டர். "படிச்சு முடிச்ச பொறவு வைக்கலாமே" என்று உன் அப்பா இழுத்தார். "நல்ல காரியம் நடந்தா உங்களுக்குப் பொறுக்காதே" என்று அவர் வாயை அடைத்தேன். உன் மாமா பிளக்ஸுக்குக் கீழே நின்று, "ஏலே மாப்ளே, நேத்து ஓட்டல்ல ஈரல்னு நினைச்சு நுரையீரலைத் தின்னவன்லா நீ. மனுசனுக்கு எது எங்கன இருக்குன்னு கேட்டுக்கிட்டுக் கை வையி, என்னா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். நீயும்தான். உன் முதுகைப் பற்றி இப்போது நினைக்கும்போதெல்லாம் அந்தக் கிளிப்புகள்தான் கண்ணுக்கு வருகின்றன.

இரண்டாம் வருசம் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாய். உங்கள் வகுப்பை ஆஸ்பத்திரி வார்டுக்குக் கூட்டிப்போனதாகவும், கட்டிலில் கிடந்த ஒரு வயசான அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு ரஷ்ய மொழியில் என்னவோ சொல்லி அழுததாகவும் சொன்னாய். "பாடம்தான்மா இங்கிலீஷு. வாரவுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது, எங்களுக்கு அவுக பாஷை தெரியாது. நான் சும்மா தலையை ஆட்டிக்கிட்டே நின்னேன், பசங்க எல்லாம் சிரிப்பை அடக்க முடியாம வெளிய ஓடிட்டானுவ" என்று அவள் அழுத மாதிரியே மூக்கை உறிஞ்சிக் காட்டினாய். நன்றாகவே நடித்தாய். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வகுப்பில் அந்த ஊர்ப் பேச்சும் கற்றுத்தருகிறார்களாமே என்று கேட்டதற்கு, "அதுக்கு பாஸ் மார்க் போதும்மா" என்றாய். அந்த அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன சொன்னாள்? உன் கையை எதற்குப் பிடித்தாள்? தெரியாமலேயே தலையை ஆட்டுவதற்கு நீ பழகியது அந்தக் கட்டில் பக்கத்தில்தான். இங்கே வந்து அதையேதான் செய்தாய். இங்கே அழுதவளுக்கு நம் பாஷை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

போன லீவுக்கு நீ வந்தபோது முன்னறையில் நாற்காலி போட்டது நான். சும்மா ப்ரஷர் பார்ப்பாய், சுகர் கேட்பாய் என்றுதான் தொடங்கியது. தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும், "எங்க டாக்டர் வந்திருக்கான்லா, காமிச்சிட்டுப் போங்க" என்று நானே கூப்பிட்டேன். நீ ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குளிக்கவும் போகாமல் உட்கார்ந்திருந்தாய். வந்தவர்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்கும் பொறுமை உனக்கு இல்லை. பாதியிலேயே ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து வைப்பாய். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று எழுந்து போவார்கள். ஒருவர்கூட அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதில்லை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

பாக்கியத்தக்கா வீட்டுக்காரர்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர்கள். எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது அவளும், தங்கராசு அண்ணாச்சியும், மகள் ரூபாவும் இங்கே வந்தார்கள். அண்ணாச்சிக்குக் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. பாக்கியத்தக்காவுக்கு இந்தச் சமவெளி வெயில் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. "கீழ வந்து என்னத்தைக் கண்டோம் டீச்சர், வேர்வையைக் கண்டோம்" என்பாள்; டியூஷன் எடுப்பதால் நான் தெருவுக்கே டீச்சர். ஆனால் உன்னைப் பார்த்தால் மட்டும் அவள் பேச்சு மாறிவிடும். "மலையில பெரிய நோக்காடு வந்தா பஸ்ஸு வாரவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கணும். பஸ்ஸு வந்தா ஒவ்வொரு வளைவுக்கும் உசுரு போயிப் போயி வரும். இங்கன பாருங்க, வாசலைத் தாண்டுனா டாக்டரு" என்று உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவள் போன பிறகு நீ கன்னத்தைத் துடைத்துக்கொண்டாய். அதையும் பார்த்தேன்.

அவள் செத்த அன்று காலை, துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ செய்திருக்கிறது. அண்ணாச்சி உடனே ஆட்டோ கூட்டிவந்துவிட்டார், அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போக. ஆட்டோ நம் வாசலில்தான் நின்றது. அவள் ஏறப் போனவள், காலை எடுத்துக் கீழே வைத்து, "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருவோம்" என்று உள்ளே வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. துணி அலசிய ஈரம் என்று நினைத்தேன். வேர்வை. "தம்பி, இந்தத் தாடை கெடந்து கடுக்கு. தோளுப்பட்டையில யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். நீ ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாய். முதுகைத் தட்டினாய். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாய். ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். "அதான். கேஸ்ட்ரைட்டிஸ். கூடவே மஸ்குலர் ஸ்பாஸம். டென்ஷன் ஆவாதீங்க" என்று ஒரு கேஸ் மாத்திரையைக் கொடுத்தாய். அவள் உடனே எழவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமா தம்பி? ஆட்டோ நிக்கி" என்று கேட்டாள். "தேவையில்லை, ரெஸ்ட் எடுங்க" என்றாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "படிச்சவன் சொல்லுதான்லாக்கா, போய்ப் படுங்க" என்றேன். வெளியே நின்ற அண்ணாச்சியிடம் ஜன்னல் வழியாக நீயே சொன்னாய்: "அங்கிள், ஆட்டோவை அனுப்பிருங்க."

பள்ளிக்கூடம் விட்டு வந்த ரூபாதான் முதலில் பார்த்தாள். சீருடையோடு நம் வீட்டுக்கு ஓடிவந்து, "அண்ணே, அம்மை எந்திக்க மாட்டேங்கா, வாங்கண்ணே" என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ போய்ப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் இங்கிலீஷில் சொன்னாய் அம்மா இல்லை என்று. அதற்குக்கூட உனக்குத் தமிழ் வரவில்லை. மண்டபத்திலிருந்து ஓடிவந்த அண்ணாச்சி உன்னிடம்தான் கேட்டார், காலையிலேயே போயிருந்தா பிழைச்சிருப்பாளா என்று. நீ தலையை நிமிர்த்தி, தெரு முழுக்கக் கேட்கும்படி, "மேஸிவ் அட்டாக் அங்கிள். எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றாய். காலையில் கேஸ். சாயங்காலம் மேஸிவ் அட்டாக். அந்த மனிதர் உன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கடைசி நேரத்துல பெத்த புள்ள மாதிரி மருந்து குடுத்தீயளே" என்று அழுதார். நீ கையை இழுத்துக்கொள்வாய் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நீ இழுக்கவில்லை. அவள் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததை எடுத்து முடியாது என்று மாற்றி, செத்தவள் வாசலிலேயே விற்றுவிட்டு வந்தாய். வந்து தோசை கேட்டாய். சுட்டுப் போட்டேன். சட்னி தண்ணியாக இருக்கிறது என்றாய்.

லீவு முடிந்து நீ திரும்பிப் போன அன்று, திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் கிளம்பும்வரை நான் பேசாமலேயே நின்றதைப் பார்த்து நீயே ஆரம்பித்தாய். "அம்மா, நீங்க அதையே நினைச்சிக்கிட்டு இருக்காதீங்க. தாடை வலியெல்லாம் ஹார்ட்ல வரும்னு எங்களுக்கு இன்னும் எடுக்கவேயில்லை. அடுத்த வருசம்தான் அந்தப் பாடம்." இந்த ஒரு வருசமும் நான் சோறு தின்ற, துணி துவைத்த, டியூஷன் எடுத்த நேரமெல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருசம்தான் பாடம் என்றால், அன்றைக்கு உனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்ல என்ன செலவு? ஆட்டோ வாசலில் நின்றது. ஒரு சொல் போதும், அது போயிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவன் தெரியாது என்று சொன்னால் நாற்காலியின் மரியாதை போய்விடும் என்று நினைத்தாய். போன மாதம் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் என்று துள்ளிக்கொண்டு போன் செய்தாயே, உன் குரலில் ஒரு சின்ன இடறலாவது வருகிறதா என்று காதை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக உன் மேல் பயம் வந்தது. குளிர் தாங்குவாயா, நேரத்துக்குச் சாப்பிடுவாயா என்கிற பயம் வேறு. அது இன்னும் இருக்கிறது. அந்த ஊரில் எத்தனை டிகிரி என்று தினமும் பார்க்கிறேன், நீ கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தாய் என்று பார்க்கிறேன். இந்தப் பயம், உன் கையில் நாளைக்கு யார் யார் நாடியைக் கொடுப்பார்களோ என்பது.

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ரூபாதான் என்னைப் பேச வைத்தாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். என்னிடம்தான் டியூஷன் படித்தாள். அம்மா செத்த பிறகு ஒருநாள்கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. போன மாதம் ஒருநாள் மற்றப் பிள்ளைகள் போன பிறகு நின்று, "டீச்சர், சங்கர் அண்ணன மாதிரி இங்கிலீஷ்ல பேசினாத்தான் நோயாளிக நம்புவாகளா? எனக்குச் சொல்லித்தாரீயளா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் அண்ணாச்சி வந்தார். "மலையை விட்டு இறங்கையில கைக்கு வந்த பணத்தை அப்படியே வச்சிருக்கேன் டீச்சர். தம்பி படிக்கிற காலேஜிலயே இவளையும் சேத்துரணும். இவ அம்மைக்கு வந்தது இன்னொருத்தருக்கு வந்தா, தம்பி மாதிரி பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும்லா. தம்பி அங்கன இருக்கும்போது எனக்கென்ன பயம்" என்றார். உன்னை நம்பி மனைவியைக் கொடுத்தவர், இப்போது மகளையும் கொண்டுவந்து நிற்கிறார். உன் பெயரைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

முன்னறையிலேயே உட்கார வைத்துச் சொன்னேன். கேஸ் மாத்திரையையும், அடுத்த வருசப் பாடத்தையும், நான் 'படிச்சவன் சொல்லுதான்' என்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் பிள்ளை டாக்டர் இல்லை அண்ணாச்சி, அன்றைக்கு உங்கள் வீட்டு ஆள் வந்து கேட்டது டாக்டரிடம் இல்லை, அது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "ஆட்டோ வாசல்ல நின்னுச்சே டீச்சர்" என்றார். பிறகு, "நான்லா அனுப்பிவிட்டேன்" என்றார். ஒரு வருசமாக நீ சுமக்க வேண்டியதை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பைய எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரூபா அதன் பிறகு என் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. எதிரெதிர் வாசலில் கோலம் போடும்போதுகூட அவள் தலை நிமிர்வதில்லை. உன் அப்பா, "பெத்த புள்ளையை ஊரு முன்னால நிறுத்திட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா" என்று கேட்டார். நிறுத்தியாயிற்று. இனி அவர் என்ன கேட்டு என்ன.

உன்னைப் படிப்பை விட்டுவிட்டு வா என்று சொல்வேன் என்று நினைக்கிறாய், இல்லையா? அது உனக்குச் சுகம். சொல்ல மாட்டேன். படி. எல்லாப் பாடத்தையும் படி. முடித்துவிட்டு வந்து இங்கே எழுத வேண்டிய தேர்வையும் எழுதி, பாஸான பிறகுதான் இந்தத் தெருவில் யார் உடம்பிலும் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு குழந்தைக்கு இருமல் என்று வந்தாலும் உன் வாயிலிருந்து வர வேண்டியது, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்பது மட்டும்தான். திரும்பிப் போனதும் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள். உன் கையைப் பிடித்து அழுத அந்த அம்மா இன்னும் உயிரோடு இருந்தால் தேடிப்போய், என்ன சொன்னாய் என்று கேள். இல்லையென்றால் வேறு ஒருத்தி அதே கட்டிலில் கிடப்பாள், அவளிடம் கேள். இதெல்லாம் செய்தால் உன்னைப் பற்றிப் பெருமைப்படுவேனா என்று கேட்டால், தெரியாது. பார், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

நேற்று காலை தங்கராசு அண்ணாச்சி மறுபடியும் வந்தார். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே, "தம்பி எப்ப வருது?" என்று கேட்டார். சொன்னேன். முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த நாற்காலி இருக்கட்டும் டீச்சர், எடுத்துராதீக. அவ உக்காந்த எடத்துல நான் உக்காரணும். உக்காந்து தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். என்ன கேட்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதனால்தான் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். மேசையில் ஸ்டெதாஸ்கோப் இருக்கக் கூடாது. மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பேன், தெருவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும். ரயிலை விட்டு இறங்கி, நேராக வீட்டுக்கு வா. சாப்பிடுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிவந்து உட்கார வை. உன் நாற்காலியில் நீ உட்காராதே. அவர் கேட்பதைக் கடைசிவரை கேள், பாதியில் புகாதே. பிறகு நின்றுகொண்டே பதில் சொல். தமிழில் சொல்.

உன் அம்மா